உம் கொட்டிய நிலை

என் மனைவி தனபாக்கியத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கணுக்காலைத்தான் பார்த்தேன். தீபாவளிக்குப் பதினோரு நாள் இருந்த ஒரு காலை, மணி எட்டு இருக்கும், தையல் மெஷின் மேல் குனிந்து ஒரு சட்டைக்குக் காலர் ஏற்றிக்கொண்டிருந்தேன், வாயில் மூன்று குண்டூசி இருந்தது, ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அவள் அடுக்களையிலிருந்து வந்து, வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் இருக்கிற நிலைவாசலில் நின்றாள். சேலையின் நீலக் கரைக்குக் கீழே செருப்புப் போட்ட கால் தெரிந்தது. வீட்டுக்குள் செருப்போடு நிற்கிறாளே, கீழே விரித்துப் போட்டிருக்கிற வெள்ளைத் துணியில் மண் படுமே என்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் ஏதோ சொன்னாள். நான் "ம்" என்றேன். அந்தக் கால் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது, பிறகு துணியை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி நடந்து வெளியே போனது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் பேசினால் எதிரில் இருப்பவர் உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் பேசுகிறவருக்குப் பேச்சு மேலே போகாது, பாதியில் நிறுத்திவிட்டு "கேக்கியளா?" என்பார், இரண்டு முறை கேட்டுப் பதில் இல்லாவிட்டால் எழுந்து போய்விடுவார். தனபாக்கியம் ஏழு பெண்கள் பிறந்த வீட்டில் நாலாவது பெண், அந்த வீட்டில் அரிசி களைகிறபோதும் தலை வாருகிறபோதும் ஒருத்தி சொல்ல ஒருத்தி உம் கொட்டுவாள், அதனால் கல்யாணமாகி வந்த மறுநாளே என்னிடம், நீங்க உம் கொட்டினாத்தான் எனக்கு வாயிலிருந்து வார்த்தை வரும் என்று சொல்லிவிட்டாள். நான் அதிகம் பேசாதவன். இது எனக்கு வசதியாகவே இருந்தது. அவள் பேசுவாள், நான் கொட்டுவேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அவள் பேச வேறு ஆளும் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். 'ம்' என்பதற்கு எங்களிடம் இரண்டு பொருள் உண்டு. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது ஒன்று, சரி, அப்படியே செய் என்பது இன்னொன்று. எது எந்த 'ம்' என்பது சொல்கிறவனின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

என்னை ஊரில் எட்டுக்கை டெய்லர் என்பார்கள். கால் மெஷினை மிதிக்கும், இடது கை துணியைத் தள்ளும், வலது கை அளவு நோட்டில் எழுதும், வாசலில் நிற்கிறவருக்கு எப்போது வர வேண்டும் என்று கண் சொல்லும், இஸ்திரிப் பெட்டியில் கரி தணிந்துவிட்டதை மூக்கு கவனிக்கும், காது பாதி ரேடியோவுக்கும் பாதி தனபாக்கியத்துக்கும். சட்டை தைக்கக் கொடுத்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று இதை வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள், நானும் அவர்கள் பார்க்க வேண்டும் என்றே இன்னும் ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வேன். சட்டையின் இடது கையை வலதில் வைத்துத் தைத்ததும், ஒருவர் இடுப்பளவை இன்னொருவர் பெயரில் எழுதியதும் இருக்கத்தான் செய்தன, ஆனால் அவற்றைப் பிரித்துத் தைப்பதையும் நான் ஒரு வேலையாகவே எண்ணிக்கொண்டேன். கடைத்தெருவில் இன்னொரு தையல் கடை காஜா மைதீன் பாயுடையது. அவர் ஒரு சட்டையை எடுத்தால் வெட்டி, தைத்து, பொத்தான் வைத்து, மடித்து அடுக்கிய பிறகுதான் அடுத்ததைத் தொடுவார். ஒரு நாள் டீக்கடையில் அவரைக் கேலி செய்தேன், உங்களுக்குக் கை ரெண்டுதானா பாய் என்று. அவர் கோபப்படவில்லை. "ரெண்டாவது வேலையை நினைச்சா முதல் வேலை எனக்கு மறந்துபோவுது அண்ணாச்சி, என்ன செய்யச் சொல்லுதீங்க" என்றார். டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

நான் சொல்ல வந்தது நடந்தது தனபாக்கியம் இறப்பதற்கு இரண்டு வருஷத்துக்கு முந்திய புரட்டாசியில். அவள் நிலைவாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே தன் தங்கை வீட்டுக் காதுகுத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள், எனக்கு லைனிங் துணி தீர்ந்துவிட்டது, உம் கொட்டிக்கொண்டே எழுந்து, உம் கொட்டிக்கொண்டே சட்டையை மாட்டி, வெளியே இறங்கி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜவுளிக்கடைக்குப் போய்த் துணியை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். வாசலில் கால் வைத்தபோது அவள் இன்னும் காதுகுத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் நிலைச்சட்டத்திலிருந்து என் குரலில் "ம்" என்று கேட்டது.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்டேன். என் குரல்தான். கொஞ்சம் தூக்கக் கலக்கத்தோடு, கொஞ்சம் மூக்கால், நான் கொட்டுகிற அதே இடைவெளியில். பயம் வரவில்லை, ஆச்சரியமும் வரவில்லை, இப்போது நினைத்தால் கூசுகிற ஒன்றுதான் எனக்கு வந்தது. அப்பாடா, இனி வாயும் ஓய்ந்தது, அதற்கும் ஒரு வேலை கொடுக்கலாம் என்று நினைத்தேன். மெஷினில் உட்கார்ந்து ஐந்து பொத்தானை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

தெரு இதைத் தெரிந்துகொண்டது வேறு வழியில். பக்கத்து வீட்டு மாடத்தி அக்கா ஒரு நாள் மார்க்கெட்டில் என்னைப் பார்த்துவிட்டு நேராக எங்கள் வீட்டுப் பக்கம் வந்திருக்கிறாள், உள்ளே ஓர் ஆண் குரல் தனபாக்கியத்தின் பேச்சுக்கு உம் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் இன்றுவரை சொல்கிறாள், ஆனால் சாயங்காலத்துக்குள் ஓய்வுபெற்ற தபால்காரர் பால்துரை தலைமையில் மூன்று ஆண்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, தொண்டையைச் செருமி, ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஆரம்பித்தார்கள். தனபாக்கியத்துக்கு விஷயம் புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களை உட்கார வைத்து, நிலைவாசலைப் பார்த்து, அன்று காலை பால்காரனோடு நடந்த சண்டையை முதலிலிருந்து சொன்னாள். சட்டம் உம் கொட்டியது. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு அவர்கள் எதிரில் நின்றேன். பால்துரை கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "டெய்லர் குரல்தான். வேற ஆம்பளை இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். மற்ற இருவருக்கும் முகம் தெளிந்தது. காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு தெரு அதைத் தண்ணீர்க் குழாயைப்போல எடுத்துக்கொண்டது. தன் பேச்சைக் கேட்க வீட்டில் ஆளில்லாதவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள், பம்பாயில் இருக்கிற மகன் கடிதம் போடவில்லை என்று ஒரு அம்மா, மருமகள் சாப்பாட்டில் உப்புப் போடுவதில்லை என்று ஒரு பெரியவர், முப்பது வருஷம் ஊரார் கடிதங்களைச் சுமந்தும் தனக்கென்று ஒன்று வந்ததில்லை என்று பால்துரையே ஒரு மத்தியானம். தனபாக்கியம் அவர்களுக்குப் பலகையை நகர்த்திப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். மனு வாங்கும் நாளில் இந்தச் சட்டத்தைக் கழற்றித் தாலுகா ஆபீசில் கொண்டுபோய் வைக்கலாமே என்று யாரோ யோசனை சொன்னார்கள், அங்கே வேலை பார்க்கிற கிளார்க் ஒருவர், வேண்டாம், ஏற்கெனவே அங்கே பன்னிரண்டு பேர் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டார்.

சிக்கல் ஒரே ஒரு முறைதான் வந்தது. பின்வீட்டுச் சுடலைமுத்து ஒரு நாள் நான் இல்லாதபோது வந்து, உங்க சுவரை ஒட்டி மாட்டுக்கொட்டகை போட்டுக்கிடட்டுமா அண்ணாச்சி என்று நிலைவாசலைப் பார்த்துக் கேட்டிருக்கிறார், சட்டம் "ம்" என்றிருக்கிறது. மறுநாள் கொட்டகைக்குக் கால் நட்டுவிட்டார். நான் சண்டைக்குப் போனேன். தெரு கூடியது. அந்த 'ம்' உங்க வாயில பிறந்ததுதானே, நீங்க சொன்ன மாதிரிதான் என்று பெரும்பாலோர் சொன்னார்கள், கொட்டகை அங்கேயே நிலைத்துவிட்டது. ஆனால் இனிமேல் இப்படி நடக்கக் கூடாது என்று அன்றே ஒரு வழக்கம் வைத்தார்கள், டெய்லர் வீட்டு நிலையிடம் யாரும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், எதையும் கேட்கக் கூடாது. எல்லோரும் அதை மதித்தார்கள். சுடலைமுத்துகூட மதித்தார்.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தத் தெருக்கூட்டம் முடிந்த வாரத்தில் ஒரு நாள் தனபாக்கியம் என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நிலையிடம் பேசவில்லை, என்னிடம்தான் பேசினாள். உம் கொட்டுவது நான் இல்லை என்பது அவளுக்கு முதல் நாளே தெரியும், அவள் ஒன்றும் ஏமாளி இல்லை.

"ஏங்க, கேக்கக் கூடாதுன்னு வச்சிருக்காவளே, அது ஊருக்குத்தானே? நான் அதுகிட்ட சொல்லுததெல்லாம் உங்களுக்கு வந்து சேருதுல்லா?"

நான் அப்போது ஒரு கால்சட்டைக்கு மடிப்பு அடித்துக்கொண்டே, வாசலில் நின்ற வாத்தியாருக்கு வெள்ளிக்கிழமை என்று விரலால் காட்டிக்கொண்டே, பாபினில் நூல் தீர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேள்வியின் கடைசி ஓசை மட்டும் காதில் விழுந்தது.

"ம்" என்றேன்.

அதை நிலைச்சட்டம் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன், என் வாயால், என் வீட்டில், என் மனைவிக்கு. அவள், "அப்பச் சரி" என்றாள். அந்த இரண்டு வார்த்தையும், அதிலிருந்த நிம்மதியும் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டன, ஏனென்றால் அதற்குள் வாத்தியார் போய்விட்டார்.

அன்று முதல் சாப்பாட்டு நேரத்தில்கூட அவள் என்னிடம் அதிகம் சொல்வதில்லை. எல்லாம் சொல்லியாயிற்று என்பதுபோல் பரிமாறுவாள், சில சமயம் நான் ஏதோ சொல்வேன் என்று காத்திருப்பதுபோல் முகத்தைப் பார்ப்பாள், நான் தட்டுக்குப் பக்கத்தில் அளவு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மறுநாளைக்கு வெட்ட வேண்டியதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். வீடு அமைதியாகிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். அந்த அமைதியில் எத்தனை சட்டை கூடுதலாகத் தைக்க முடிகிறது என்று பெருமைப்பட்டேன்.

செருப்புப் போட்ட கால் வெளியே போன அன்று மத்தியானம் மூன்று மணிக்கு மாடத்தி அக்கா பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து தனபாக்கியத்தின் கூடைப் பையோடு தனியாக வந்தாள். நான் மெஷினை நிறுத்தாமலே, என்னக்கா, அவ எங்க என்று கேட்டேன். அவள் பையைத் தரையில் வைத்தாள். அப்போதுதான் கால் மிதிப்பதை விட்டது.

ஆபரேஷனுக்காகப் படுக்க வைத்து ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே, பன்னிரண்டு மணிக்கு, போய்விட்டாள் என்று மாடத்தி அக்கா சொன்னாள். என்ன ஆபரேஷன் என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

"என்ன ஆபரேஷனா? எல்லாம் உங்ககிட்ட சொன்னாளே அண்ணாச்சி. நீங்களும் 'ம்'னியளே."

பிறகு அவள் சொல்லச் சொல்ல நான் கேட்டேன். என் வீட்டில் நடந்ததை அடுத்த வீட்டுச் சுவர் வழியாகக் கேட்டவள் எனக்குச் சொன்னாள். ஆடி மாதம் அடிவயிற்றில் கட்டிபோல் ஒன்று உருளுவதாகத் தனபாக்கியம் முதலில் நிலையிடம் சொன்னாளாம், முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சமாக இருப்பதால் இப்படிச் சொல்கிறேன் என்றும் சொன்னாளாம். உடனே டாக்டரிடம் போகட்டுமா, கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டாளாம். ஒரே மூச்சில் இரண்டையும் கேட்டாள், அவள் மூச்சு விட்ட இடத்தில் 'ம்' விழுந்தது, அது பொறுத்துப் பார் என்பதற்கு விழுந்ததாக அவள் எடுத்துக்கொண்டாள். ஆவணியில் உதிரப்போக்கு. புரட்டாசியில் தனியாகப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தாள், இரண்டு மாதம் முந்தி வந்திருக்கக் கூடாதா என்று திட்டிவிட்டு அவர் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். தீபாவளி வேலை நேரத்தில் உங்களை அலைக்கழிக்க வேண்டாம், நான் மாடத்தியைக் கூட்டிக்கொண்டு போய்க்கிடட்டுமா என்று வந்து நிலையிடம் கேட்டாள். அதற்கும் 'ம்'. ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டபோது, அவியளுக்கு எல்லாம் தெரியும், சம்மதம்னு சொல்லிட்டாவ என்று தானே கையெழுத்துப் போட்டாள்.

மாடத்தி அக்காவுக்கு மட்டுமில்லை, தெருவுக்கே தெரிந்திருந்தது. நாலு மாதமாக என் கடைக்கு வந்து துணி கொடுத்து அளவு கொடுத்துப் போன அத்தனை பெண்களுக்கும் தெரியும். இந்த மனுஷன் எல்லாம் தெரிந்தும் எப்படிக் கல்லுப்போல மிதித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்திருக்கிறார்கள், ஆனால் அவள்தான் வேலை நேரத்தில் அவரிடம் இதைப் பேசாதீர்கள், அவர் உள்ளுக்குள் வருத்தப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் என்னிடம் இரண்டு வார்த்தை சொல்வார்கள், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் நிலைச்சட்டம் "ம்" என்றுவிடும். பெண்கள் அதன் கீழேயே உட்கார்ந்து அழுதார்கள். என் பக்கம் யாரும் திரும்பவில்லை. யாரும் ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

தீபாவளி நெருக்கத்தில் கடையைப் பூட்டிவிட்டுக் காஜா மைதீன் பாய் வந்தார். என் பக்கத்தில் கோரைப்பாயில் உட்கார்ந்தார், காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார், பேசவில்லை, பத்திரிகை படிக்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை, உட்காருவதை மட்டும் செய்தார். போகும்போது நான் வெட்டியும் வெட்டாமலும் போட்டு வைத்திருந்த நாற்பத்தொரு உருப்படியையும் மூட்டை கட்டித் தூக்கினார். பாய், உங்க வேலை என்று இழுத்தேன். "என் வேலை நேத்தே முடிஞ்சுது அண்ணாச்சி" என்றார். அவ்வளவு நாள் நான் சிரித்த ஆள். நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாக முடித்து, தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் அந்தந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீடு காலியான பிறகு நான் நிலைக்கு எதிரில் உட்கார்ந்தேன். கடைசி நாள் காலையில் தனபாக்கியம் என்னிடம் சொன்னது என்ன என்று கேட்டேன். அந்தக் காலையில் மாடத்தி அக்கா பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள், வேறு யாரும் கேட்கவில்லை, தனபாக்கியம் நின்றது அந்தச் சட்டத்தின் ஓரத்தில், அதற்குத்தான் தெரியும். "ம்" என்றது. போயிட்டு வாரேன்னு சொன்னாளா என்று கேட்டேன். "ம்." கூட வாங்கன்னு சொன்னாளா. "ம்." தையுங்க, வர வேண்டாம்னு சொன்னாளா. "ம்." நான் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன், எனக்குத் தெரியாது என்றும், அன்றைக்கு நான் கேட்கவில்லை என்றும், வாத்தியார் வாசலில் நின்றார் என்றும், நான் மூச்சு விட்ட இடத்திலெல்லாம் அது சரியாக, இதமாக, என் குரலிலேயே உம் கொட்டியது. இரண்டு வருஷம் அவளுக்கு நான் கொடுத்தது என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. எழுந்து முகம் கழுவப் போனேன். முதுகுக்குப் பின்னால் இன்னொரு முறை "ம்" என்றது.

மறுபடி கடை திறந்தபோது எட்டுக்கை போய்விட்டது. யாராவது பேசினால் காலை மிதியிலிருந்து எடுப்பேன், வாயிலிருக்கிற ஊசியை ஒவ்வொன்றாகத் துப்பிப் பஞ்சில் குத்துவேன், ரேடியோவை அணைப்பேன், அவர் முகத்தைப் பார்ப்பேன். பலருக்கு இது சங்கடமாக இருந்தது. வெறும் பொத்தான் மாற்ற வந்தவர் ஒருவர், "என்ன அண்ணாச்சி இப்படிப் பாக்கிய, நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா?" என்று கேட்டார். பேசி முடித்த பிறகுதான் தைப்பேன். ஒரு சட்டையை முடித்து மடித்து வைத்த பிறகுதான் அடுத்தது. 'ம்' என்பதை விட்டுவிட்டேன். கேட்டால் கேட்டேன் என்பேன், சரியென்றால் சரி என்பேன், இல்லையென்றால் இல்லை.

அடுத்த தீபாவளி வந்தது. அதே ஒற்றை ஆள், அதே மெஷின், துணி முந்தின வருஷத்தைவிட ஆறு உருப்படி அதிகம். இரண்டு நாள் முந்தியே எல்லாம் முடிந்துவிட்டது. பிரித்துத் தைக்க ஒன்றுகூட இல்லை. காலியான வெட்டுமேசைக்கு முன்னால் அந்த இரண்டு நாளும் உட்கார்ந்திருந்தேன். ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்துவர அரை நாள் போதும்.

இப்போது எனக்கு எழுபத்தாறு வயது. சாலையை அகலப்படுத்தியதில் கடையின் முன்பக்கம் போய்விட்டது, மெஷினை விற்றுவிட்டேன், மாடத்தி அக்காவுக்குக் காது கேட்பதில்லை. நிலைச்சட்டம் எப்போது கொட்டுவதை நிறுத்தியது என்று எனக்குச் சரியாகத் தெரியாது, ஒரு நாள் கவனித்தபோது அது ஓய்ந்திருந்தது. தனபாக்கியம் அதில் தலையைச் சாய்த்துக்கொண்டு பேசுவாள் என்று மாடத்தி அக்காதான் சொன்னாள், நான் பார்த்ததில்லை. சட்டத்தின் இடப்பக்கம், தரையிலிருந்து நாலடி ஐந்தங்குல உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தேங்காயெண்ணெய்க் கறை இருக்கிறது.